காற்றாட விட்ட தேதி

அக்டோபர் 13, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. முத்தையாபுரம் பஸ் ஸ்டாப்பில் கணுக்கால் தண்ணீர். சரக்கு ஏஜென்சி ஆபீசுக்கு அரை மணி லேட்.

துவரை, நாலு கன்டெய்னர், ஆப்பிரிக்கச் சரக்கு. நாளைக்கு கூட்ஸ் ரயிலில் பெங்களூர் கன்டெய்னர் டிப்போவுக்கு. சுங்கச் சோதனை அங்கேதான். பூச்சி இருந்ததால் சனிக்கிழமை இங்கே மருந்துப் புகை போட்டிருக்கிறார்கள். விஷ வாயு. கதவைத் திறந்து ஒரு நாள் காற்றாட விட்டால்தான் ரயிலில் ஏற்றலாம். காற்றாட விட்டாயிற்று என்று, புகை போட்ட மருந்து கம்பெனி தரும் சான்றிதழ் இன்னும் வரவில்லை.

பாப்பாவுக்கு கிராஃப் நோட்டு. மறந்துவிட்டேன்.

14, செவ்வாய்

தூறல். மூன்று மணிக்குள் ரயில்வேக்கு எல்லாப் பேப்பரும் போக வேண்டும். சான்றிதழ் மட்டும் இல்லை. முதலாளி கணபதி அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"நேத்தே காத்தாட விட்டாச்சாம்ளா. போன்ல சொல்லிட்டாவ. தேதியப் போட்டு அனுப்பு, பேப்பர் பின்னால வரும்."

"பேப்பரப் பாக்காம எப்படி அண்ணாச்சி?"

"இந்த ரயில விட்டா அடுத்தது எப்பம்னு நீ சொல்லுதியா?"

போட்டேன். ரயில்வே படிவத்தில், காற்றாட விட்ட தேதி: 13. பெயர்: பொன்மாரி. கையெழுத்து. அந்தப் பேப்பரை வைத்துத்தான் பெட்டிக் கதவுகளில் இருந்த மண்டையோட்டு ஸ்டிக்கரை உரித்தார்கள். 4.40க்கு வண்டி கிளம்பிவிட்டது.

15, புதன்

வெயில். பாப்பாவுக்குச் சளி. கிராஃப் நோட்டு வாங்கியாச்சு.

16, வியாழன்

காலை 11.30. மருந்து கம்பெனி ஜேசுராஜ் வேறு வேலையாக வந்தான். துவரைச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன்.

"கதவே திறக்கலியேக்கா. அன்னைக்கு அடிச்ச மழையில திறந்தா சரக்கு நனையாதா? புதங்கிழம போய்ப் பாத்தா பெட்டியக் காணல."

நேரே அண்ணாச்சி ரூமுக்கு.

"அஞ்சு நாள் ஆச்சுல்லா, தானா கசிஞ்சு போயிருக்கும். இப்பம் போன் போட்டா லைசென்சே போயிரும். போய் வேலையப் பாரு."

வந்து உட்கார்ந்தேன். வேறு இரண்டு பில் அடித்தேன். 12.10. 1.00. 2.15. டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

3.40. மாடிப்படிக்குப் போய் டிப்போ சூப்பர்வைசருக்கு போன். நல்ல வேளை, தமிழ் தெரிந்தவர்.

"சார், அந்தத் துவரைப் பெட்டிய யாரும் திறந்துராதீங்க. உள்ள விஷ வாயு இருக்கு."

"காத்தாட விட்டாச்சுன்னு இருக்கே மேடம்? பொன்மாரின்னு சைன் இருக்கு."

"நான்தான் சார் பொன்மாரி. அது தப்பான தேதி."

அவர் அங்கே யாரிடமோ கன்னடத்தில் கத்தினார்.

"ஒண்ணு திறந்துட்டாங்க மேடம். மூணு மணிக்கு. உள்ள ஏறின ஆளு வாந்தி எடுத்தாரு. பித்தம்னு நெனச்சு நிழல்ல படுக்க வச்சிருக்கோம்."

"படுக்க வைக்காதீங்க சார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. பாஸ்பீன் வாயுன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. பாஸ்பீன்!"

3.55க்கு அதையே மெயிலாகவும். என் பெயரில். அண்ணாச்சிக்கும் நகல்.

17, வெள்ளி

பெட்டிக்குள் ஏறியவர் பெயர் மஞ்சுநாத். ஐசியூவில். மற்ற மூன்று பெட்டிகளை முகமூடி போட்டு மீட்டர் வைத்துப் பார்த்ததில் இரண்டில் இன்னும் வாயு. அந்த சூப்பர்வைசரே கூப்பிட்டுச் சொன்னார். அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் இவரிடம் எல்லாம் சொன்னேன். "வேலை போனாப் போவுது" என்றார். தெரிந்தும் நாலு மணி நேரம் சும்மா இருந்ததை மட்டும் சொல்லவில்லை.

18, சனி

மஞ்சுநாத் கண் விழித்துவிட்டார். பேசுகிறார், கஞ்சி குடித்தாராம். ஆபீஸ் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சுங்கத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். பதிலை அண்ணாச்சியே டைப் அடித்து என் மேசையில் வைத்தார். தவறு தெரிய வந்த நேரம்: பிற்பகல் 3.30.

"ஒரு சைன் போடு. தெரிஞ்ச ஒடனே போன் பண்ணிட்டன்னு ஆயிரும்லா. ரெண்டு பேருக்கும் நல்லது."

இரண்டு தரம் படித்தேன். பதினொன்றரைக்கே கூப்பிட்டிருந்தால் அந்த மனிதர் பெட்டிக்குள் ஏறியிருக்க மாட்டார்.

"இதுல போட மாட்டேன் அண்ணாச்சி."

வெள்ளைத்தாள் எடுத்து, சுங்கத்துக்குப் பதிலைக் கையால் எழுதினேன். காற்றாட விட்ட தேதி: சான்றிதழைப் பார்க்காமல் நானே போட்டது. தவறு தெரிய வந்தது: காலை 11.30. போன் செய்தது: பிற்பகல் 3.40. இடைப்பட்ட நேரத்தில்: இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.