செபத்துக்குப் பதிலாக ஒரு நிமிடம்

ஜனவரி 16

சுவிஸில் எங்கள் மாநில அரசான கன்டோன் சம்மதித்துவிட்டது. கோடை விடுமுறை முடிந்ததும் பிள்ளைக்கொரு கல்விச் சீட்டு. எந்தத் தனியார் பள்ளியில் கொடுத்தாலும் கட்டணத்தை அரசு கட்டும். மூடப்போகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்த எங்கள் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளி பிழைத்தது. அதிபர் ஃப்ராவ் அம்ரைன் ஆசிரியர் அறைக்குக் கேக் கொண்டுவந்தார். நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். கத்தோலிக்க சமயபாடமான மறைக்கல்வி படிப்பிக்கிற என் வேலை நிலைத்தது ஒரு பக்கம். மகள் லாராவை முதல் நன்மைக்கு, முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாளுக்கு, என் வகுப்பிலேயே, என் கையாலேயே ஆயத்தப்படுத்துவேன். அதுதான் பெரிய சந்தோஷம்.

மார்ச் 3

இடங்களை நிரப்ப வேண்டுமாம். தமிழ்க் குடும்பங்களிடம் சொல்லும்படி அதிபர் கேட்டார். சிநேகிதி கலாவதி வீட்டுக்குப் போனேன். சைவக்காரி, வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், மகன் தேனுஜனைத் தருவாளா என்று எனக்கே சந்தேகம். மதம் மாற்ற மாட்டோம் என்று நான் தொடங்கவே சிரித்தாள்.

"மடுமாதாவுக்கு நேர்த்தி வைச்சுப் பிறந்தவன் அக்கா இவன். காலமை கும்பிட்டுட்டுப் படிக்கிற இடமெண்டால் எனக்கு அது காணும்."

ஆகஸ்ட் 19

வகுப்பு நிரம்பி வழிகிறது. சந்தோஷம்தான்.

செப்டம்பர் 9

காலைச் செபம் நின்றது. இனி மணி அடித்ததும் ஒரு நிமிட மௌனம். எந்தப் பிள்ளையையும் செபிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது கல்விச் சீட்டின் நிபந்தனை. செபிக்கவே கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது? கேட்டேன். உங்கள் இந்துக் குடும்பங்களை நாங்கள் மதிக்க வேண்டாமா என்றார் அதிபர். அந்தக் குடும்பங்களில் ஒருவரிடமாவது கேட்டாரா? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனாலும் பிள்ளைகளை மௌனமாக இருக்கப் பழக்கினேன். வேறென்ன செய்ய?

நவம்பர் 12

பெற்றோர் கூட்டம். செபமா மௌனமா, கை உயர்த்துங்கள் என்றார்கள். கலாவதி எழும்பினாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் பழகிய ஜெர்மனில், இங்கே கும்பிடுகிறார்கள் என்றுதானே மகனைச் சேர்த்தேன் என்றாள். மண்டபமே அவளை விநோதமாகப் பார்த்தது. செபத்துக்கு அவள் கை, ஒரு துருக்கித் தாயின் கை, என் கை, இன்னும் சிலருடையது. மௌனத்துக்கு மற்ற எல்லாரும். பெரும்பாலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

அதில் ஒரு கை என் கணவர் டெஸ்மன்டுடையது. தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிற மனுஷன். மரியஸ்டைன் மாதா கோயில் திருவிழாவில் சுரூபத்துக்குத் தோள் கொடுக்க முண்டியடிக்கிறவர்.

காரில் கேட்டேன். "லாரா சுவிஸ் பிள்ளையளோட சரிசமமா நிக்க வேணும். செபம் வீட்டில சொல்லலாம்தானே" என்றார்.

வீட்டில் எப்ப சொன்னனாங்கள்? செபமாலைக்குக் கூப்பிட்டால் அவருக்கு டிவியில் செய்தி. சீ! நான் ஆரோட கதைக்கிறது?

நவம்பர் 13

அவரோடு கதைக்கவில்லை.

ஜனவரி 20

மறைக்கல்வி இனி விரும்பியவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு எத்திக் என்றொரு பாடம், ஒழுக்கமும் உலக மதங்களும். லாராவை டெஸ்மன்ட் எத்திக்கில் போட்டுவிட்டார், என்னிடம் கேட்காமலே. அவளுடைய சிநேகிதிகள் எல்லாரும் அங்கேதானாம். முதல் நன்மையைப் பங்குக் கோயிலில் பார்த்துக்கொள்ளலாமாம். லாராவிடம் கேட்டேன். "எனக்கு அதுதான் விருப்பம் அம்மா" என்றாள். அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழவில்லை.

பெப்ரவரி 2

கலாவதி தேனுஜனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள். என்மேல் கோபம் இல்லையாம்.

"சாமியில்லாத பள்ளிக்கூடம் என்ர வீட்டுக்குப் பக்கத்திலயே இருக்கு அக்கா. பஸ் ஏத்தி ஏன் இவ்வளவு தூரம் அனுப்பவேணும்?"



பெப்ரவரி 23

என் வகுப்பில் மிஞ்சியது நாலு பேர். அதிபர் கூப்பிட்டு, மறைக்கல்வியை நிறுத்துகிறோம், நீங்கள் எத்திக் படிப்பியுங்கள் என்றார். பல மதங்களுக்கு நடுவில் வளர்ந்த உங்களைப் போல் ஒருவர் எங்களுக்கு எங்கே கிடைப்பார் என்று புகழ்ச்சி வேறு. பள்ளி பிழைத்தது, நானும் பிழைக்க வேண்டுமே. ஓம் என்றேன்.

மார்ச் 9

எத்திக், நான் எடுத்த முதல் பாடம். வீட்டில் செபிக்கிறவர்கள் யார், எப்படிச் செபிக்கிறார்கள் என்று பிள்ளைகளைச் சொல்லவைக்க வேண்டுமாம். கேட்டேன். துருக்கிப் பிள்ளை உடனே கை உயர்த்தி, தகப்பன் விரிக்கும் சின்னக் கம்பளத்தைப் பற்றிச் சொன்னாள். எரித்திரியப் பையன் ஒரு பாட்டே பாடிக் காட்டினான். லாரா முன்வரிசையில் இருந்தாள். என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு குனிந்து பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.

நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.