யாரும் குனியாத சோதனை

ஏறாவூர் மையவாடியில் உறங்கும் என் வாப்பாவுக்கு,

உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்குச் சாயப்பட்டறை முதலாளியும் வந்தார். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்று உம்மாவிடம் சொல்லிப் போனார். சாயத் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று உம்மா குனிந்து சாம்பிராணித் தணலை ஊதினா. புகை முதலில் அவட முகத்தைச் சுற்றிக்கொண்டுதான் கூரைக்கு ஏறியது. எனக்குச் சாயத் தொட்டியில் குனிந்த உங்கள் முகம் தெரிந்தது.

கறுப்புச் சாயத் தொட்டிக்கு மேலே அந்தத் தகரக் கூண்டைத் தொங்கவிட்ட நாள் நினைவிருக்கிறதா? சாயத்தின் நச்சு ஆவியை இழுத்து வெளியே தள்ளக் குழாயும், எஞ்சினில் சுழலும் காற்றாடியும் பூட்டினார்கள். கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர் சிரட்டையில் சாம்பிராணி புகைத்துத் தொட்டி விளிம்பில் வைத்தார். புகை நேரே கூண்டுக்குள் போனது. எல்லோரும் தள்ளி நின்று பார்த்தீர்கள். உங்களுக்குச் சோறு கொண்டுவந்த நான் கதவோரம் நின்றேன். வாப்பா சாயத்தில் நூலைத் தடியால் புரட்டுவது குனிந்துதானே என்று அப்போதே தோன்றியது. அத்தனை ஆண்களுக்கு நடுவே வாய் வரவில்லை. ஏன் வரவில்லை வாப்பா?

பிறகொருநாள், "மகள், இப்ப அந்த அழுகின முட்டை நாத்தமே இல்ல. கூண்டு நல்லா இழுக்குது" என்றீர்கள். அன்று உம்மா பொரித்த கருவாடும் உங்களுக்கு மணக்கவில்லை. நாங்கள் சிரித்தோம். நாற்றம் அங்கேயேதான் இருந்தது. உங்கள் மூக்குத்தான் செத்திருந்தது. அந்தக் கிழமையே தொட்டியோரம் விழுந்தீர்கள், எழும்பவேயில்லை.

இப்போது அதே இடத்தில் உங்கள் மூத்த மகன், என் காக்கா நிற்கிறார்.

கத்தத்துக்கு மறுநாள் மிஞ்சிய சாம்பிராணியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலாளி சிரித்தார். "அஞ்சாம் வகுப்போட நிண்ட புள்ள இன்ஜினியருக்குப் பாடம் எடுக்க வந்திருக்கா."

சிரட்டைத் தணலில் சாம்பிராணியைப் போட்டேன். தொட்டி விளிம்பில் அதை வைத்தேன். "காக்கா, நூல் புரட்டுற மாதிரிக் குனிங்க."

புகை அவர் மூக்கையும் வாயையும் தொட்டுத்தான் மேலே போனது.

"நீங்களும் குனிஞ்சு பாருங்க முதலாளி" என்றேன். அவர் குனியவில்லை.

காக்கா தடியைக் கீழே வைத்துவிட்டார். "நான் இனிக் குனியமாட்டன்." மற்றவர்களும் தொட்டியை விட்டு விலகி நின்றார்கள். அதன் பிறகுதான் முதலாளி தகர வேலைக்காரரைக் கூப்பிட்டார். தொட்டியின் பின்விளிம்பில் நீளமாக ஒரு உறிஞ்சு வாய் வைத்து, குழாயை அதில் பொருத்தினார்கள். இப்போது புகை சாயத்தின் மேலே ஊர்ந்து, காக்காவை விட்டு அப்பால் போகிறது. முன்மூலையில் மட்டும் ஒரு இழை இன்னும் மேலெழுகிறது. "இது போதும்" என்கிறார் முதலாளி. இந்த யோசனையும் இன்ஜினியருடையதாம்.

இந்த மாற்றம் நீங்கள் இருந்தபோதே நடந்திருக்கக்கூடாதா?

இனி ஒவ்வொரு சனிக்கிழமையும், வேலை தொடங்குமுன் சாம்பிராணியோடு போவேன். காக்கா குனிந்த பிறகே புகையை வைப்பேன். ஒரு இழை அவர் முகத்தைத் தொட்டாலும் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவருவேன். எத்தனை ஆண்கள் நின்றாலும் சரி.

அன்று கதவோரம் பேசாமல் நின்ற,
உங்கள் இளைய மகள்.