ஜூஸும் இடது கையும்

2007 பிப். 3, சனி
காலைல நல்ல பனி, அப்புறம் சுள்ளுன்னு வெயில். அம்பகரத்தூர்ல ஜூஸ் விக்கிற மீட்டிங். 11 பேர், ஜூஸ் 4 பாட்டில் போச்சு. வழக்கமா சொல்றதுதான்: "மூணு மாசம் குடிங்க, உள்ளேருந்து தோல் மாறும்." ஒரு அம்மா, "இந்த வெயில்ல ஏங்க முழுக்கை ரவிக்கை?" ஃபேஷன்னு சொல்லிச் சிரிச்சேன்.
இடது கையில தீபாவளிக்கு ஒத்தை ரூபா அளவு இருந்த வெளுப்பு. இப்ப நாலு விரல் அகலம். நானும் அதே ஜூஸ்தான், தினம் ரெண்டு மடங்கு.

பிப். 5, திங்கள்
மஸ்கட்லேருந்து அவர் ஃபோன். 21 வர்றாராம். "ஜூஸ் குடிச்சு கலராயிட்டியா?" சிரிச்சேன். வச்சப்புறம் அழுகை.
16 நாள்.
என்னை ஜூஸ் விக்கச் சேர்த்துவிட்ட லீடர் மேடத்துக்கிட்ட மட்டும் வெளுப்பைச் சொன்னேன். "கழிவு வெளில வருது. இன்னும் கூட்டிக் குடி." ஊரெல்லாம் நான் சொல்ற அதே வார்த்தை.

பிப். 8, வியாழன்
கிளிஞ்சல்மேடு. மீன் ஏலத்துக்குப் போற அஞ்சலை வீடு. டீ போட்டுக்கிட்டிருந்தா. பாட்டில் எடுக்கக் குனிஞ்சேன்.
"அக்கா! கை! கை!"
கொதிக்கிற கெட்டில் மேல என் இடது கை. தெரியவே இல்லை. தோல் கருகின நாத்தம்தான் வந்துச்சு.
ரவிக்கைக் கையை மடிச்சுவிட்டுத் தண்ணி ஊத்தினா. வெளுப்பைப் பார்த்தா. "எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தாங்க்கா. பெரியாஸ்பத்திரில மாத்திரை குடுத்தாங்க, சரியாப் போச்சு. நானும் கூட வர்றேன்."
"அலர்ஜிடி இது"ன்னு கத்திட்டு பஸ் ஏறிட்டேன்.

பிப். 9, வெள்ளி
ஊக்கால குத்திப் பார்த்தேன். வலது கை வலிக்குது. இடதுல ஏழு தடவை. ஒண்ணுமே இல்லை.
பாப்பா என் கை மேலதானே தலை வச்சுப் படுக்கறா.
அரை பாட்டில் ஒரே மூச்சுல குடிச்சேன். எல்லாம் வாந்தி.

பிப். 12, திங்கள்
பெரியாஸ்பத்திரி. கூட அஞ்சலை, நானே போய்க் கூப்பிட்டேன். பாப்பாவையும் கூட்டிப் போனேன். கண்ணை மூடச் சொல்லி பஞ்சால தொட்டார் டாக்டர். தொட்டதே தெரியலை.
"இத்தனை மாசமா என்ன செஞ்சீங்க?"
"ஜூஸ் குடிச்சேன் சார்."
அவர் சிரிக்கலை. தொழுநோய்தான்னார். ஆறு மாசம் மாத்திரை, இலவசம். மாத்திரை ஆரம்பிச்சுட்டா அடுத்தவங்களுக்குப் பரவாதாம். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வச்சாங்க. பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லை. சாமி.
உணர்ச்சி திரும்புமான்னு கேட்டேன். "முன்னாடியே வந்திருந்தா நல்லது. இப்ப உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

பிப். 13, செவ்வாய்
மேடம்: ஞாயித்துக்கிழமை மேடை ஏறி, ஜூஸால தோல் மாறுச்சுன்னு பேசணுமாம். "அரைக்கை போட்டு வா, ஃபோட்டோ எடுக்கணும்." வரமாட்டேன், இனி விக்கவும் மாட்டேன்னேன். திட்டினாங்க.
அவருக்கு ஃபோன் பண்ணி எல்லாம் சொன்னேன். "பாப்பாவைக் காட்டினியா?" காட்டிட்டேன், ஒண்ணும் இல்லைன்னேன். "சரி." வச்சுட்டார். வருவாரான்னு கேக்க வாய் வரலை.
வெளுப்புக்குன்னு யாருக்கெல்லாம் குடுத்தேன்? யோசிச்சேன். ஒருத்திதான். அம்பகரத்தூர் கலா, அவ பொண்ணுக்கு. கன்னத்துல. டாக்டர் குடுத்த களிம்பை நிறுத்தச் சொன்னதும் நான்தான்.

பிப். 14, புதன்
முதல் பஸ். கலா வாசல்லேயே, "களிம்பை நிறுத்திட்டோங்க, நீங்க சொன்ன மாதிரியே."
ரவிக்கைக் கையை மடிச்சுக் காட்டினேன். என்ன வியாதின்னு பேரையும் சொன்னேன். பொண்ணை இழுத்துக்கிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா.
வெளில நின்னே சொன்னேன்: "வெறும் தேமலாக் கூட இருக்கும் கலா. ஒரு தடவை காட்டிடு."
தெருவே பார்க்குது. திரும்பி நடந்தேன். ஜன்னல் திறக்கிற சத்தம்.
"எந்த ஆஸ்பத்திரிங்க?"
சொன்னேன்.
"நீங்களும் வருவீங்களா?"