கழுத்தில் போட்ட ஊசி

இன்று காலை பல் விளக்கிவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடியில் என் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. இரண்டு கன்னமும், காது மடலும், தாடைக்குக் கீழே கொஞ்சமும். காய்ச்சல் இல்லை, தொட்டால் மட்டும் அனல். நேற்றுதான் எனக்குக் கழுத்தில் ஊசி போட்டார்கள். உங்களுக்குப் போட்ட அதே ஸ்டீராய்டு ஊசி. இந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். உங்களிடம்.

சிப்பிகாட் பண்ணையில் நாற்றுப் பைகளுக்கு மேலே இத்தனை வருஷம் குனிந்தே நின்றதில் கழுத்தெலும்பு தேய்ந்து, வலி இடது கை விரல் வரை இறங்கிவிட்டது. மாத்திரை, கழுத்துப் பட்டை, பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. டாக்டரம்மா ஊசி என்றதும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, செவுளைத் திறந்து பார்க்காமல் மீன் வாங்காதவள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்டேன். அவர் சலிக்காமல் சொன்னார். எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டேதான் ஊசியைச் செலுத்துவார்களாம். மரத்துப்போகும் மருந்தும் கலந்திருப்பதால் முதல் சில மணி நேரம் வலி தெரியாது, குணமாகிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. அது தெளிந்ததும் வலி திரும்பும், ஒன்றிரண்டு நாள் கூடவும் செய்யும். ஸ்டீராய்டு வேலைசெய்ய சில நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். மருந்துக்கு வலி கேட்டால் சில வாரமோ சில மாதமோ நிம்மதி. கேட்காமலும் போகலாம். தேய்ந்த எலும்பை அது சரிசெய்யாது. காய்ச்சலோ கடும் தலைவலியோ கை காலில் பலக்குறைவோ வந்தால் உடனே ஓடி வர வேண்டும். கடைசியில், கையுறையைக் கழற்றியபடி, இரண்டு மூன்று நாள் முகம் சிவக்கும், தூக்கம் வராது, அதற்குப் பயப்பட வேண்டாம் என்றார்.

அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை.

உங்களுக்குக் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் வேலை. இருபது வருஷம் அண்ணாந்தே நின்ற கழுத்து. கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து நம் தீவுக்கு நாலு நாள் வந்திருந்த டாக்டர் ஊசி போட்டார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அவர் சொன்னதெல்லாம் உங்கள் காதுக்கு மட்டும். அப்போது நீங்கள் குடியை விட்டு ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் நான் உங்களை முழுதாக நம்பவில்லை. குடித்த காலத்தில் அத்தனை பொய் சொல்லியிருந்தீர்கள், அதுவும் எவ்வளவு சாதுவான முகத்தோடு.

ஊசி போட்ட மறுநாள் சாயங்காலம் மரைன் ஹில் மேட்டில் ஏறி வீட்டுக்குள் வந்தீர்கள். முகம் சிவந்து, கண் பளபளத்து, பேச்சு நிற்கவே இல்லை.

"மறுபடியும் தாரு குடிச்சிட்டீங்களா?" என்றேன்.

"ஊசிதாம்ட்டி இப்படிப் பண்ணுது. டாக்டர் சாபே சொன்னாரு."

"கழுத்துல போட்ட ஊசி மூஞ்சில எப்படி ஏறும்?"

உங்கள் வாயை மோந்து பார்த்தேன். சோம்பு வாசனை. மறைக்கத்தான் மென்றிருக்கிறீர்கள் என்று முடிவுகட்டினேன். வேலைப் பையைத் தரையில் கவிழ்த்தேன், பிரஷ்களும் சுரண்டியும்தான் விழுந்தன. கூட வேலைசெய்தவரிடம் கேட்டேன். அவர் இல்லையென்றதும் அவரும் கூட்டுதான் என்று நினைத்தேன். டாக்டரைக் கேட்கலாம் என்றால் அவர் விமானம் ஏறிவிட்டார். கடைசியில் பன்னிரண்டு வயது மகளை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன்.

"பிள்ள தலையில கை வைக்க மாட்டேன். நம்புனா நம்பு" என்றீர்கள்.

மறுத்ததையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். நாலாம் நாள் முகம் தெளிந்தது. நல்லவேளை, தொடக்கத்திலேயே பிடித்துவிட்டோம் என்று இருந்தது எனக்கு. தூத்துக்குடியிலுள்ள உங்கள் அக்காவிடம் போனில் சொன்னேன். பக்கத்து வீடுகளில் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் உங்களை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். நீங்கள் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவீர்கள்.

ஐந்து மாதத்தில் வலி திரும்பியது. அதே டாக்டர் வந்தபோது இன்னொரு ஊசிக்குக் கூப்பிட்டார்கள். வேண்டாம், பழகிவிட்டது என்றீர்கள். ஊசிக்குப் பயம் என்று நினைத்தேன். அந்த வலியோடே ஏழு வருஷம் வேலைக்குப் போனீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, ஒரே காலையில் முடிந்துபோனது.

இன்று மதியம் சாப்பிட வந்த மகள் என் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"ஏன் ரெண்டாவது ஊசி போடலன்னு அப்பாட்ட அப்பவே கேட்டேம்மா. 'வலியப் பொறுத்துக்கலாம். உங்கம்மா இன்னொரு தடவ என் வாய மோந்து பாத்தா பொறுக்க முடியாது'ன்னாங்க."

என்னைப் புண்படுத்தச் சொல்கிறாளோ என்று அப்போதும் சந்தேகப்பட்டேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. இதை நீங்கள் என்னிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். சொன்னீர்கள். ஊசிதான் என்று முதல் நாளே சொன்னீர்கள்.

உங்கள் அக்காவுக்குப் போன் செய்து, அன்றைக்கு நீங்கள் குடிக்கவில்லை என்றேன். அதற்கு அவர்கள், உன் கழுத்து எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்தார்கள். பக்கத்து வீடுகளுக்கு நாளை போவேன்.

கடைசி வருஷங்களில் நான் பின்னாலிருந்து கூப்பிட்டால் உங்களால் கழுத்தைத் திருப்ப முடியாது. கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, காலை எடுத்துவைத்து, முழு உடம்பையும் திருப்பி நின்று என்ன என்று கேட்பீர்கள். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன், ஒன்றுமில்லாத காரியத்துக்கெல்லாம். ஒரு தடவைகூட நீங்கள் திரும்பாமல் இருந்ததில்லை.