பாஸ்டரும் ஒரு சட்டை வாலும்

ஹாக்ஸ்டாட் மேடு, விஸ்கான்சின்
21 அக்டோபர் 2018

அன்புள்ள மாப்பிள்ளை ஆர்விட்டுக்கு,

உன் மனைவியின் அண்ணன் ஓரின் எழுதுகிறேன். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று சிரிக்காதே. எல்லாம் உன் பெண்டாட்டி போட்ட சட்டம். நேற்று ஆப்பிள் கொடுக்க வந்தவளிடம், "ஆர்விட் இந்த வருஷமாவது வேட்டைக்கு வருவானான்னு கேட்டுச் சொல்லேன்" என்றேன். தெல்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ஒரு வருஷமா நீ சொன்னதை அவருகிட்டயும் அவரு சொன்னதை உங்கிட்டயும் சுமந்து என் வாய் தேஞ்சுபோச்சு அண்ணே. இனிமே ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க, கொண்டுபோறேன். ஆனா உறையை ஒட்டாதீங்க. தபால்காரி படிக்காம எதையும் தூக்க மாட்டா."

ஆகவே தெல்மாவுக்கும் வணக்கம்.

செய்தி பாஸ்டரைப் பற்றி. கழுத்தில் பாதிரியார் காலர் மாதிரி அகலமான வெள்ளைப் பட்டை, யாரையும் மன்னிக்க மறுக்கிற முகம். அந்தக் கிழட்டுக் கொம்பு மானுக்கு பாஸ்டர் என்று பெயர் வைத்ததே நீதான். போன வருஷம் நீ சுட்டுத் தவறவிட்டதும் அவனைத்தான். இந்தக் கோடையில் அவனுக்காகக் காடெங்கும் மரத்துக்கு மரம் கேமரா கட்டினேன். மொத்தம் பதினொன்று. ஆகஸ்டில் பட்டப்பகலில் மணப்பெண் மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்டான். செப்டம்பரில் ராத்திரியில் மட்டும் வந்தான். இப்போது ஆளையே காணோம். பொடிப்பயல் கொம்பன்கள் மட்டும் கேமராவை நக்கிப் பார்க்கிறார்கள்.

வேட்டை சீசன் நவம்பர் 17ஆம் தேதி சனிக்கிழமை திறக்கிறது. காட்டில் நம் வேட்டைக் குடிலில் உன் மேல்கட்டில் அப்படியே இருக்கிறது. நம் வேட்டைக் கூட்டத்து லைல் அதில் பூட்ஸை வைத்தான், எடுத்து வெளியே வீசினேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. குறி தவறியவனுடைய சட்டையின் பின்பக்கத் தொங்கலைக் கத்தரித்துச் சுவரில் ஆணியடிப்பது நம் குடிலின் வழக்கம். அப்பாவின் சட்டை வால்கூட அங்கே தொங்குகிறது. என்னுடையது நான்கு. உன்னுடையதை வெட்டியதற்காக, சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாமல் வண்டியேறிப் போய்விட்டாயே, ஏன்? வருவாயா, மாட்டாயா? நீ இல்லாமல் குடில் நன்றாகவே இல்லை.

உன் மச்சான்,
ஓரின்

*

25 அக்டோபர்

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆப்பிள் கேக்கும் கிடைத்தது. கேக் நன்றாக இருந்தது.

கேமரா விஷயம். ஒவ்வொரு சாயங்காலமும் நாலு சக்கர வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு, பூனை மாதிரி பதுங்கிப் போய்ப் பதினொன்றையும் பார்த்து வருகிறாயாம். தெல்மா சொன்னாள். போகிற வழியெல்லாம் அந்தப் புதினா மிட்டாயை வேறு மென்றுகொண்டு போயிருப்பாய். நீ அவனைக் கண்காணிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ எப்போது வருவாய், எந்த மரத்தடியில் நிற்பாய், என்ன தின்பாய் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி ஆகியிருக்கும். அத்தனை வருஷம் உயிரோடு இருப்பவன் ஒன்றும் தெரியாமலா இருப்பான்?

வருவதாக இல்லை. லைல் பூட்ஸை வைத்துக்கொள்ளட்டும்.

சட்டையைப் பற்றி எழுத எனக்கு வராது. அன்றைக்கு "இந்தச் சட்டை வேண்டாம், மாத்திக்கிட்டு வரேன்" என்று இரண்டு தடவை சொன்னேன். நீ கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாய். அவ்வளவுதான்.

ஆர்விட்

*

ஹாக்ஸ்டாட் மேடு
30 அக்டோபர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ சொன்னது உண்மையா என்று பார்க்க, எல்லாக் கேமராவின் படங்களையும் மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். மானத்தை வாங்கிவிட்டது. மான் இருக்கும் படங்களைவிட நான் இருக்கும் படங்கள்தான் அதிகம். என் பின்பக்கத்தை இத்தனை கோணத்தில் என் பெண்டாட்டிகூடப் பார்த்ததில்லை. பாஸ்டரின் கடைசிப் படம் ஒன்று இருக்கிறது. நேராகக் கேமராவைப் பார்க்கிறான், காதை மடக்கிக்கொண்டு. அடுத்ததில் வால் நுனி மட்டும். அதற்குப் பிறகு அந்தப் பாதைக்கே வரவில்லை. காற்று அடிக்கும் திசையாகப் பார்த்து, கேமராவுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஈர மண்ணில் குளம்புத் தடம் கிடக்கிறது. நான் மாட்டிய கண்ணுக்கு நாமம் போட்டுவிட்டான்.

அதற்கப்புறம் குடிலுக்குப் போனேன். நீ சொன்ன அந்த 'இந்தச் சட்டை' என்ன சட்டை என்று பார்க்கத்தான். சுவரிலிருந்து உன் துண்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கடைத் துணி மாதிரி இல்லை. மடிப்புத் தையல் கைத்தையல், கொஞ்சம் கோணல். அது தெல்மாவின் கை என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் என் காலுறைகளைத் தைத்துத் தந்த கை.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன் ஆர்விட். ஆணி ஓட்டை மட்டும் இருக்கிறது, மற்றபடி துண்டு சுத்தமாக இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். அது உன்னுடையது.

ஓரின்

*

4 நவம்பர்

மச்சானுக்கு,

துண்டு வந்து சேர்ந்தது.

நீயாகவே கண்டுபிடித்துவிட்டதால் சொல்கிறேன். அதற்கு முந்தின குளிர்காலத்தில்தான் அவளுடைய விரல் முட்டிகள் வீங்க ஆரம்பித்தன. சட்டைக்கான துணியை அதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்து தொடங்கியது, ஈஸ்டரில் முடிந்தது. பொத்தான் துளை போடும்போது அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டாள். எட்டுப் பேர் பீர் குடித்துக்கொண்டு மேசையைத் தட்டும் இடத்தில் இதை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. வண்டிச் சாவிதான் கையில் அகப்பட்டது.

போகட்டும். இப்போது உட்கார்ந்துகொள். பாஸ்டர் என் வீட்டில் இருக்கிறான்.

செப்டம்பரிலிருந்து. நீ அங்கே பதுங்கப் பதுங்க அவன் இங்கே வந்துவிட்டான். பழைய பன்றித் தொழுவம் இருக்கிறதே, ஆளுயரத்துக்குக் களை மண்டிக் கிடக்குமே, காஸ் தொட்டிக்கும் சாலைக்கும் நடுவில்? அதற்குள்தான் பகலெல்லாம் படுக்கை. எந்த வேட்டைக்காரனும் எட்டிப்பார்க்காத இடம். காலையில் காபி குடித்துக்கொண்டே அவன் கொம்பைப் பார்க்கிறேன். பள்ளிக்கூட பஸ் போகிறது, பால் லாரி போகிறது, தெல்மா நாயைத் திட்டுகிறாள். ஒரு காதைக்கூடத் திருப்புவதில்லை. அதெல்லாம் அவனுக்குத் தினசரிச் சத்தம். ஒரு நாள் நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் ஜன்னலுக்குப் போனேன். உடனே எழுந்து நின்றுவிட்டான். சத்தம் போடுகிற மனிதனிடம் அவனுக்குப் பயமில்லை. சத்தம் போடாத மனிதன்தான் வேட்டைக்காரன்.

17ஆம் தேதி நீ இங்கே வா. தானியக் கொட்டகையின் பரணில் உட்கார். அதுவரை கேமராக்களைக் கழற்றிவிடு, அந்தக் காட்டில் கால் வைக்காதே. வரும்போது ரேடியோவை அலறவிட்டு வா, கதவை அடித்துச் சாத்து, தெல்மாவோடு வழக்கம்போலச் சண்டை போடு. நான் குடிலுக்குப் போகிறேன். கோபம் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நீ இல்லாத குடிலில் ஒரு நாள் இருந்து, அந்தச் சுவரைப் பார்க்க முடிகிறதா என்று பார்க்கிறேன். முடியவில்லை என்றால் இதுதான் கடைசித் தடவை.

ஆர்விட்

*

உன் வீட்டு அடுப்படி மேசை
17 நவம்பர், சாயங்காலம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

விடியுமுன் வந்தேன். ரேடியோ அலறியது, கதவு அதிர்ந்தது. சண்டை போடச் சொன்னாயே, தெல்மாவுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. "மிதியடி எதுக்குக் கிடக்கு, அழகு பார்க்கவா?" என்று தொடங்கியவள் நான் பரணில் ஏறும் வரை நிறுத்தவில்லை.

விடிந்ததும் மேட்டுக்கு மேடு வெடிச்சத்தம். தொழுவத்தில் ஒரு அசைவும் இல்லை. பிறகு பால் லாரி போனது. அது வளைவில் மறைந்ததும் களை விலகியது. எழுந்து நின்று சோம்பல் முறித்தான், ஆர்விட்! ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குக் கிளம்புகிறவன் மாதிரி. அந்தக் கொம்பிலிருந்து கண்ணை எடுக்காமலே துப்பாக்கியைத் தூக்கினேன். பின்னால் மண் கரை, குறுக்கே எதுவும் இல்லை, குழந்தைகூடச் சுட்டுவிடும்.

உன் எருக்குவியலில் ஒரு ஓட்டை இருக்கும். அது என்னுடையது.

பாஸ்டர் வேலியைத் தாண்டி, தெல்மாவின் முட்டைக்கோஸ் பாத்தி வழியாக, மேட்டைப் பார்த்து ஓடிப்போய்விட்டான். நான் இறங்குவதற்குள் உன் பெண்டாட்டி கத்தரிக்கோலோடு ஏணியடியில் நிற்கிறாள்.

"என்ன சட்டை போட்டிருக்கே அண்ணே? அண்ணி எடுத்துக் குடுத்ததா? மாத்திக்கிட்டு வரியா?"

நான் உன்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது. "வெட்டு தெல்மா" என்றேன். அவள் விரல்களுக்குக் கத்தரிக்கோல் லேசில் வளைந்துகொடுக்கவில்லை. நான் கை நீட்டியதும், "தொட்டே, காதை வெட்டிடுவேன்" என்றாள். நெடுநேரம் ஆனது. வெட்டி முடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன், பக்கத்திலேயே நின்று சரிபார்க்கிறாள்:

"அவரு எழுதினதைப் படிச்சேன். வலிச்சது நிஜம்தான். ஆனா என் தையலு அந்தச் சுவத்துல தொங்குதுன்னு லைல் பெண்டாட்டி சொன்னப்ப எனக்கு எவ்வளவு பூரிப்பா இருந்துச்சு தெரியுமா? பொம்பளைங்க வரக் கூடாதுன்னு, சோத்துப் பாத்திரத்தைக் குடிலு கேட்டுலயே வெச்சுட்டுத் திரும்பற ஆளு நான். நான் போகாட்டியும் என் கை உள்ள போயிடுச்சேன்னு ஒரு வருஷமா நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரியறேன். அதைப் போயிக் கழட்டிக் குடுத்திருக்கே. கூறு இருக்கா உனக்கு?"

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லலை?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருல யாரு என்னைக் கேட்டீங்க?"

இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது. இரவுச் சாப்பாட்டோடு இதையும் கேட்டில் வைக்கிறாளாம்.

ஓரின்

*

வேட்டைக் குடில்
18 நவம்பர், ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதத்தை மேசையில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தேன். எருக்குவியல் வந்த இடத்தில் லைல் நாற்காலியோடு சாய்ந்துவிட்டான். தெல்மா சொன்னது வந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

பாஸ்டர் எங்கே போனான் என்று கேட்பாய். நேற்று மத்தியானம் இங்கே வந்தான். உன் புதினா வாசனை இல்லை, கேமரா இல்லை, பதுங்கல் இல்லை, காட்டில் அவனுக்கு மறுபடியும் நிம்மதி. நான் பின்பக்க மரக் கழிப்பறையில் இருந்தேன். அதற்குத்தான் போன வருஷமே கதவு விழுந்துவிட்டதே. கால்சட்டை கணுக்காலில், துப்பாக்கி குடிலுக்குள். நான் முனகிக்கொண்டிருந்ததால் பயப்படாமல் வந்தான் போல. பத்தடி தூரத்தில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தான். இந்தத் தடவை மன்னித்துவிட்ட முகம். பிறகு மெதுவாக நடந்து மரங்களுக்குள் போய்விட்டான். நானும் அவனை அடுத்த வருஷத்துக்கு விட்டுவிட்டேன்.

துண்டைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். ராத்திரி எடுத்து, பழைய ஓட்டையிலேயே ஆணியடித்துவிட்டேன். கோணல் தையல் வெளியே தெரிகிற மாதிரி, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறது. எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். "இது என் பெண்டாட்டி தைச்சது" என்று சொன்னேன். சொல்வது ஒன்றும் அவ்வளவு கஷ்டமாக இல்லை, மச்சான்.

பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். உன் வாலை எடுத்துக்கொண்டு இன்றைக்கே வா. சீட்டாட்டத்துக்கு ஒரு கை குறைகிறது.

தெல்மாவையும் கூட்டிக்கொண்டு வா. இது அவளும் படிக்கிற கடிதம் என்பதால் அவளிடமே சொல்கிறேன்: தெல்மா, பாத்திரத்தைக் கேட்டில் வைக்காதே. நீயே உள்ளே கொண்டு வா. கேட்டைக் கழற்றிப் புல்லில் சாத்தி வைத்திருக்கிறோம். வரும்போது கத்தரிக்கோலையும் எடுத்து வா. லைல் இன்று காலையில் மூன்று தடவை சுட்டான், மூன்றும் தவறியது. சட்டையை மாற்றிக்கொள்ள அவனுக்கு நேரம் கொடுத்திருக்கிறோம்.

உங்கள்,
ஆர்விட்