சத்தம் போடாமல் பெற்ற கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழை நாளில் எட்டிப் பார்க்கிறது. மாப்பிள்ளை சமைக்கக் கற்றுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். வாயில் வைக்கும்படி இருக்கிறதா என்று அவர் பக்கத்தில் இல்லாதபோது சொல்லு. உட்காரும்போது காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொள், வீக்கம் வடியும்.

வாரம் தவறாமல் போனில் பேசுகிறவனுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். சலூனில் நாள் முழுக்க ஓயாமல் பேசுகிற வாய்தான், இந்த விஷயத்துக்கு மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. "முடி ஒன்னும் கொட்டல சார், அப்படியே இருக்கு" என்று எத்தனை வழுக்கைகளிடம் கூசாமல் சொல்லியிருக்கிறேன். எழுதினாலாவது உண்மை வருகிறதா என்று பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னாய். பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் போடுகிற ஊசி வேண்டுமா, மூச்சில் இழுக்கிற வாயு வேண்டுமா, ஒன்றுமே வேண்டாமா என்று அடுத்த செக்கப்புக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "ஒன்னும் வேணாம்னு எழுதப் போறேன்பா. அம்மா வாயத் தொறக்காம பெத்தாங்க, நான் அவங்க பொண்ணு" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

அந்தக் கதையை உனக்குச் சொன்னவன் நான். உன் பிறந்தநாள் தவறாமல் சொன்னேன். கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். பாவம், அவர்களால் எழுந்து ஓடவும் முடியாது. "பதினாறு மணி நேரம், ஒரு சத்தம் கிடையாது, டாக்டரே அசந்துட்டாங்க" என்பேன். நான் தொடங்கியதும் அம்மாவுக்கு அடுத்த அறையில் ஏதாவது வேலை வந்துவிடும். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நடந்தது இதுதான். காலையில் அவளைச் சேர்த்தோம். பிரசவ அறைக்கு வெளியே இருந்த நீளப் பெஞ்சில் நானும் உன் அத்தையும், எங்களைப் போலவே காத்திருந்த வேறு இரண்டு ஆண்களும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவர்களில் ஒருவருடைய மனைவி கத்திக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்ல அப்படியெல்லாம் கிடையாதுங்க, அவ இரும்பு" என்று அளந்துவிட்டேன். மத்தியானம் நர்ஸ் ஒரு தாளோடு வந்தார். உங்கள் மனைவிக்கு வலி தாங்கவில்லை, ஊசி கேட்கிறார், புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார். அந்த ஆஸ்பத்திரியில் அப்போது அப்படித்தான் கேட்டார்கள்.

"நாலு பெத்திருக்கேன், எனக்கு யாரு ஊசி போட்டா" என்றாள் அத்தை. பழியை அவள் தலையில் கட்டிவிடலாம். ஆனால் தாளை நீட்டியது என்னிடம். அந்த இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விட்ட சவடாலைத் திரும்ப எடுக்க எனக்கு மனசு வரவில்லை. "முதுகுல போட்டா ஆயுசுக்கும் முதுகு வலின்னு சொல்றாங்க, வேணாம், அவ தாங்கிடுவா" என்றேன். அது உண்மையா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நர்ஸ் இரண்டாவது முறையும் வந்தார். அதே பதிலைச் சொன்னேன், இந்தத் தடவை கொஞ்சம் உரக்க. மூன்றாவது முறை வந்தபோது அவர் கையில் தாள் இல்லை. "இப்ப கேக்கறதில்ல. அமைதியாயிட்டாங்க" என்றார். நான் பெஞ்சைப் பார்த்து, "சொன்னேன்ல" என்றேன்.

அவ்வளவுதானம்மா அந்தக் கதை. சத்தம் வராதது உண்மை. கேட்டுப் பிரயோஜனமில்லை என்று அவள் வாயை மூடிக்கொண்டதை வீரம் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். நீ பிறந்த பிறகு நான் உள்ளே போனபோது அவளுடைய கீழுதடு கடிபட்டு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அசதி என்று எல்லோரிடமும் சொன்னேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருபத்தெட்டு வருஷமும் இருந்ததா என்றால் இல்லை. நீ சிரித்தபோதுதான் வந்தது. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். "ரெண்டு தடவை கேட்டேன்னு எழுதியிருக்கீங்க. நான் அஞ்சு தடவை கேட்டேன். உங்க பதில் தெரிஞ்சுபோச்சுன்னு மத்த மூணு தடவையும் நர்ஸ் வெளிய வந்து கேக்கல" என்றாள். நீயாவது பிள்ளையிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நீங்க ஆசை ஆசையா சொல்லுவீங்க, அவ பெருமையா கேட்டுட்டிருப்பா. நடுவுல நான் எங்க வர்றது" என்றாள். பிறகு, சாதாரணத் தபாலில் போடாதீர்கள், கூரியரில் போடுங்கள், செக்கப்புக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊசி போட்டுக்கொள் என்று சொல்ல நான் யார்? அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னதே இந்த ஜென்மத்துக்குப் போதும். நல்லது கெட்டது இரண்டையும் டாக்டரிடம் கேட்டுக்கொள், பிறகு உன் இஷ்டம். வேண்டாம் என்றே எழுதினாலும் சரி, அம்மா மாதிரி என்று மட்டும் எழுதாதே. நடுவில் மனசு மாறினால் வாய் விட்டுக் கேள். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டு. மாமனாரைப் பற்றி அவர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. நீ கேட்டால் முதல் தடவையே யாராவது காதில் வாங்க வேண்டும்.

அம்மாவிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை ஒட்டிவிட்டுப் போய்க் கேட்கப் போகிறேன். ஐந்து தடவையாவது கேட்க வேண்டியிருக்கும்.

தாயும் பிள்ளையுமாக நல்லபடியாக எழுந்து உட்கார்ந்து எனக்கு ஒரு போன் போடு, கண்ணு.

உன் அப்பா