பூவரசந் தண்டுகளுக்கு வார்னிஸ்

நேற்றுக் காலை முதல் இந்த மாடிக் கட்டிடம் முழுக்க வார்னிஸ் மணம். படிக்கட்டுக் கைபிடிக்குப் பூசுகிறார்கள். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்க, நான் மட்டும் பாதிப் படியில் நின்றுவிட்டேன். "தள்ளி நில்லுங்கோ அம்மா, சேலையில பிரளும்" என்றார் பூசிக்கொண்டிருந்தவர். உங்களுக்கு எழுதவேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவுசெய்தேன். என்னை விதவையாக்கிவிட்டு நீங்கள் போய் இத்தனை வருடங்களில் இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு, நெடுந்தீவு. மாதா கோயிலுக்கு இரண்டு மெழுகுதிரித் தண்டுகள் கடைந்து தரும்படி சுவாமியார் கேட்டிருந்தார். காலால் மிதித்துச் சுழற்றும் உங்கள் கடைச்சல் பட்டறையில் பூவரசங் கட்டையை மாட்டினீர்கள். வழக்கம்போல் வழுவழுவென்று கடையாமல், அடியிலிருந்து நுனிவரை உளியால் நெருக்க நெருக்க வரி போட்டீர்கள். "இது புது மாதிரி" என்றீர்கள். சுவாமியாருக்கும் பிடித்துப் போயிற்று. எனக்கு மட்டும் விசயம் விளங்கியது. வழுவழுப்பான மரத்தில் உளி தவறிய இடம் பளிச்சென்று தெரிந்துவிடும், வரிகளுக்குள் தெரியாது. உங்கள் கண் எந்த அளவில் இருக்கிறது என்பதை அந்த வரிகள் எனக்குச் சொல்லின.

இரண்டு கண்ணுக்குள்ளும் அமுக்கம் கூடிவிட்டது என்றும், மருந்தை ஒருநாளும் தவறவிடக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வந்து காட்டவேண்டும் என்றும் யாழ்ப்பாணத்தில் டொக்டர் சொல்லியிருந்தார். விட்டால் பார்வை போய்விடும், போனது திரும்பாது. ஆனால் அது நேவிக்காரர் படகுகளை நடுக்கடலில் மறிக்கிற காலம். போனவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. அக்கரைக் குறிகாட்டுவான் துறைக்குப் படகு புறப்படுகிற நேரம் நான் கரைப் பக்கமே போகமாட்டேன். மருந்துப் போத்தலும் முடிந்து கிடந்தது. "கண் தெரியாட்டில் உடனே சொல்லவேணும். எப்பிடியும் கூட்டிக்கொண்டு போவன்" என்று உங்களிடம் சத்தியம் வாங்கினேன். "ஓம், சொல்லுவன். இப்ப வடிவாத் தெரியுது. நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும்" என்றீர்கள்.

அதன் பிறகுதான் வார்னிஸ் சண்டை. பூச்சு வேலை எப்போதும் என்னுடையது. வரி விழுந்த மரத்துக்கு எண்ணெய்தான் சரி என்று நான் நின்றேன்.

"வரிக்குள்ள வார்னிஸ் தேங்கி நிக்கும். காத்தில வாற மண் எல்லாம் அதில வந்து ஒட்டும். பிறகு சுரண்டி எடுக்கவும் ஏலாது."

"மினுங்கினால்தானப்பா ஒவ்வொரு வரியும் தனித்தனியாத் தெரியும். எண்ணெய் பூசினால் செத்த மரம் மாதிரிக் கிடக்கும்."

"தெரிஞ்சு ஆருக்கு என்ன?"

நீங்கள் வரிகளை விரலால் தடவினீர்கள். மினுக்கமாவது தெரிகிறதா என்று உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க நினைத்திருப்பீர்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிடிவாதக்காரன் என்று குசினிக்குள் போய்ப் பாத்திரங்களோடு சத்தம் போட்டேன்.

கடைசியில் உங்கள் பக்கம் இறங்கி வந்துதான் டின்னைத் திறந்தேன். அடியில் நாலு விரல் அளவு, கட்டியாகி ஜெலிபோல் கிடந்தது. புதிய டின்னுக்கு எங்கே போவது? சொன்னால் முகம் வாடிவிடும் என்று பயந்து, மெழுகுதிரிக் கட்டைகளை உருக்கித் தேங்காயெண்ணெயோடு கலந்து தேய்த்தேன். தண்டுகள் மங்கலாக, அழுத்தமான பழுப்பில் நின்றன. மணத்தில் பிடிபட்டுவிடுவேனே என்று அந்த வார்னிஸ் டின்னைப் பக்கத்தில் திறந்து வைத்தேன். கள்ளப் புத்தி எனக்கும் உண்டுதானே. கிட்ட வந்து பார்த்ததும் நீங்கள் கண்டுபிடித்து ஏசுவீர்கள், இரண்டு பேரும் சிரிப்போம் என்றுதான் நினைத்தேன்.

"காயேல்லை, தொடாதேங்கோ" என்றேன். நல்ல மத்தியான வெயில். வாசலில் நின்று தண்டுகள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, மூச்சை இழுத்து, நீங்கள் சிரித்தீர்கள்.

"பாத்தீரே? நான் சொன்னனான். என்ன மாதிரி மினுங்குது! ஒவ்வொரு வரியும் தெரியுது."

எதுவும் மினுங்கவில்லை. அந்தத் தண்டுகளில் ஒரு பொட்டு மினுக்கம் இல்லை. நான் டின்னை மூடிவிட்டு, "ஓம்" என்றேன்.

அன்று இரவு நீங்கள் தூங்கிவிட்டீர்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள் என்பது தெரிந்துதான் இருந்தது. தெரியவில்லை என்று நீங்கள் சொன்ன மறுநாளே நான் உங்களைப் படகில் ஏற்றுவேன், நானும் ஏறுவேன். எனக்கு ஒன்றும் நடந்துவிடக் கூடாது என்றுதான் சத்தியத்தை மீறினீர்கள். விடிந்ததும் கேட்டுவிடுவது என்று நினைத்தேன். விடிந்தது; கடல் இரைந்தது; நான் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் படகுகள் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகுதான் ஆசுப்பத்திரிக்குப் போனோம். டொக்டர் உங்கள் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவ்வளவு காலமும் என்ன செய்தனீங்கள் அம்மா? இனி ஒண்டும் செய்ய ஏலாது."

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் குறுக்கே விழுந்தீர்கள். "அவவை ஏசாதேங்கோ டொக்டர். அவவுக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் சொல்லேல்லை."

அப்போதும் நான் பேசவில்லை. பேசாமலே உங்கள் கையைப் பிடித்துக் குறிகாட்டுவானில் இறங்குதுறைக்கு நடத்திக்கொண்டு வந்தேன். அதன் பிறகு ஐந்து வருடங்கள் உங்களுக்குச் சோறு குழைத்துத் தந்தேன், முகம் மழித்துவிட்டேன். "இவவைப் போல ஒரு மனிசி ஆருக்குக் கிடைக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னீர்கள். ஒவ்வொரு முறையும் எனக்குச் செத்துவிடலாம்போல் இருந்தது.

நீங்கள் பொய் சொன்னது என்னைக் கடலில் ஏற்றக்கூடாது என்பதற்காக. நான் பேசாமல் இருந்ததும் என்னைக் கடலில் ஏற்றக்கூடாது என்பதற்காகத்தான்.